கெரோஞ்சோங்: கப்பலேற்றப்பட்டவர்களின் இசையும் நமது காதும்

1

வெளிநாட்டில் கச்சேரி கேட்டேன் என்று தமிழில் ஒருத்தர் எழுதினால் அது பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, நம்ம இசையை அங்கே போய்க் கேட்பது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் 1978இலிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் சினிமாப் பாடகர்களின் நட்சத்திர இரவுகள் நடக்கின்றன. இங்கிருந்து போகிறவருக்கு அங்கே அந்நியம் என்பதே கிடையாது. அதே ராகம், அதே பாட்டு, இடைவேளையில் அதே காப்பி. இரண்டாவது வகை, அவர்களுடைய இசையைப் பார்த்து வியப்பது. வியன்னாவிலோ லண்டனிலோ ஒரு பெரிய அரங்கில் சிம்பொனி கேட்டுவிட்டு, அந்த நிசப்தத்திலும் ஒழுங்கிலும் மெய்சிலிர்த்து, நம்ம சபாக்களில் இப்படி உண்டா என்று அங்கலாய்ப்பது. முதல் வகையில் நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதில் மற்றவரின் இசையைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவருடைய அதிகாரத்துக்குத் தலையாட்டுகிறேன்.

இந்த இரண்டிலும் சேராத ஒரு கேட்டல் இருக்கிறது. நம்முடையது என்று உரிமை கொண்டாடவும் முடியாது, நமக்குச் சம்பந்தமில்லை என்று எழுந்து வரவும் முடியாது. வட ஜகார்த்தாவில் துகு என்கிற பழைய குடியிருப்பில் வாசிக்கப்படும் கெரோஞ்சோங் இசை அப்படிப்பட்டது. பழவேற்காடு ஏரியின் மீனவக் குப்பங்களிலிருந்து போகிற ஒருவர் அதை எப்படிக் கேட்கலாம், எப்படிக் கேட்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

கெரோஞ்சோங் ஒரு இசை வகை. அதில் வாசிக்கப்படும் ஒரு சின்னக் கம்பி வாத்தியத்துக்கும் அதே பெயர்தான். கையடக்கமான கிதார் மாதிரி இருக்கும். கம்பிகளை விரலால் வேகமாக வருடும்போது எழுகிற 'க்ரோங், க்ரோங்' என்ற சத்தத்திலிருந்து பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியரோடு கடல் கடந்த கவாக்கின்யோ என்கிற வாத்தியத்தின் வம்சம் அது. ஹவாய்த் தீவின் உக்குலேலேயும் அதே குடும்பம். கூடவே வயலின், புல்லாங்குழல், ரெபானா என்கிற ஒருபக்கத் தோல்கருவி, செலோ. செலோவை இவர்கள் வில் போட்டு இழுப்பதில்லை. விரலால் மீட்டித் தாளக்கருவி மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். சின்ன வாத்தியங்கள் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று புகுந்து விறுவிறுவென்று ஓட, பாடுகிறவர் மட்டும் எந்த அவசரமும் இல்லாமல், தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, இழுத்துப் பாடுவார்.

இருபதாம் நூற்றாண்டில் இது இந்தோனேசியாவின் தேசிய இசைகளில் ஒன்றாக மதிக்கப்பட்டது. கேசாங் 1940இல் இயற்றிய 'பெங்கவான் சோலோ' ஆசியா முழுக்கப் பரவியது. ஆனால் அதற்கு முன் இது துறைமுகத்து ஏழைகளின் தெரு இசை. பாடித் திரிந்தவர்களை 'கெரோஞ்சோங் முதலைகள்' என்றார்கள். கௌரவமான வீட்டுக்காரர்கள் தங்கள் பெண்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். விளிம்பில் இருந்தது மையத்துக்கு வந்து தேசியச் சின்னமாகிற வழக்கமான கதைதான். சதிர் பரதநாட்டியமாக ஆன வரலாறு தெரிந்த நமக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

துகுவின் கதை இதற்கெல்லாம் முந்தியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தது. அங்கே பிடிபட்டவர்களும், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டவர்களும் கம்பெனியின் தலைநகரமான பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், குவிந்தார்கள். கத்தோலிக்கத்தை விட்டு டச்சுக்காரரின் சீர்திருத்தச் சபையில் சேர்ந்தவர்களுக்கு விடுதலை கிடைத்தது. இப்படி விடுவிக்கப்பட்டவர்களில் சில குடும்பங்களை 1661இல் ஊருக்கு வெளியே சதுப்பும் காடுமாகக் கிடந்த இடத்தில் குடியேற்றினார்கள். அதுதான் துகு. இருபத்துமூன்று குடும்பங்கள் என்பது அவர்கள் மரபில் சொல்லிவருகிற கணக்கு.

இவர்களுக்கு டச்சுக்காரர் வைத்த பெயர் மார்டைக்கர். சமஸ்கிருதத்தின் மகர்த்திக என்ற சொல் மலாயில் உருமாறி, விடுதலை பெற்றவர் என்ற பொருளில் வந்தது. 1945இல் இந்தோனேசியாவும் 1957இல் மலாயாவும் முழங்கிய 'மெர்தேக்கா' அதே சொல். ஒரு தேசத்தின் சுதந்திர முழக்கம், ஒருகாலத்தில் அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்டவனைக் குறிக்கக் கணக்குப்பிள்ளை எழுதிவைத்த வகைப்பெயராக இருந்திருக்கிறது.

துகுக்காரர்கள் போர்த்துக்கீசியமும் மலாயும் கலந்த ஒரு மொழியைப் பேசினார்கள். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 1978இல் இறந்துபோனார். இப்போது அந்த மொழி பாட்டுகளுக்குள் மட்டும் இருக்கிறது. வீட்டில் யாரும் பேசாத சொற்களை மேடையில் பாடுகிறார்கள்.

3

ஜகார்த்தாவில் மீனவர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தபோது ஒரு மாலை துகுவுக்குப் போனோம். கூட வந்தவர் எங்க பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த ஒரு மூத்த மீனவர். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வெள்ளைத் தேவாலயம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், வெளியே கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல். பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது நாற்பது பேர். வாசிக்கிறவர்கள் கழுத்தில் துண்டு சுற்றி, தலையில் பெரே தொப்பி போட்டிருந்தார்கள்.

இரண்டு பாட்டு முடிந்ததும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, அந்தப் பெரிய பொட்டி நம்ம தவுலு மாதிரியே பேசுதுல்ல?" என்றார். அந்தப் பெண் பாடுகிற இழுப்பு ஒப்பாரி மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கும் அப்படிக் கேட்க ஆசைதான். கொஞ்சம் காதை வளைத்தால் எதிலும் எதையும் கேட்டுவிடலாம்.

இடைவேளையில் இந்த மக்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பழவேற்காட்டுத் துறையிலிருந்தும் டச்சுக்காரன் ஆட்களை வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "சரி, அவன் வாங்கினான். வித்தது யாரு தம்பி?"

தவுல், ஒப்பாரி என்று போய்க்கொண்டிருந்த பேச்சு அத்தோடு நின்றது. அந்த இசையை எந்தத் திசையிலிருந்து கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

4

1613இல் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதிலும் கம்பெனியின் வியாபாரத்துக்கு பழவேற்காடுதான் தலைநகர். வியாபாரத்தின் தர்க்கம் எளிமையானது. கிழக்குத் தீவுகளில் கிராம்பு, சாதிக்காய், மிளகு விளைவித்தவர்கள் ஐரோப்பியச் சரக்குகளைவிடச் சோழமண்டலத் துணியைத்தான் விரும்பினார்கள். ஆகவே மசாலா வாங்க வேண்டுமென்றால் முதலில் துணி வாங்க வேண்டும். இங்கே நெய்த துணி அங்கே போனது. அதே கப்பல்களில் ஆட்களும் போனார்கள்.

மார்கஸ் விங்க் என்கிற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் கம்பெனி ஆவணங்களிலிருந்து எண்ணிக்கைகளைத் தருகிறார். நாயக்கர்கள் விஜயநகரத்துக்கு எதிராகக் கிளம்பிய போரையும் அதை ஒட்டிய பஞ்சத்தையும் தொடர்ந்து, 1646இல் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டவர்கள் 2,118 பேர். பெரும்பாலும் தென் சோழமண்டலத்துக்காரர்கள். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சையைச் சூறையாடிய 1659–61 காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கியது 8,000 முதல் 10,000 பேர் வரை. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மிச்சம் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

இந்த எண்ணிக்கைகள் சீராக ஏறி இறங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போர் வந்தால், மழை பொய்த்தால் எண்ணிக்கை பொங்குகிறது. நெல் விலை ஏற ஏற ஆள் விலை இறங்குகிறது. கம்பெனி எல்லாரையும் துரத்திப் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. கொண்டுவந்து விற்றவர்கள் உள்ளூர்த் தரகர்களும் வியாபாரிகளும். பசியில் பெற்றவர்களே பிள்ளைகளை விற்றதும், தன்னையே விற்றுக்கொண்டதும் உண்டு. தஞ்சை வயல்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த சாதிகள் யாவை என்பது நமக்குத் தெரியும். நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்கிற வழக்கம் டச்சுக்காரன் கொண்டுவந்ததில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போனதே 1843இல்தான். அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அதனால்தான் அந்தப் பதிலை நாம் அதிகம் தேடுவதில்லை.

ஏற்றப்பட்டவர்கள் பெயர் இழந்தார்கள். ஞானஸ்நானப் பெயரும் அதன் பின்னால் ஏற்றுமதித் துறையின் பெயரும் சேர்த்துக் கணக்கில் எழுதப்பட்டார்கள். அப்படி எழுதப்பட்ட ஒருத்தி பலியகட்டாவின் கத்தரீனா. பலியகட்டா என்றால் பழவேற்காடு. 1631 வாக்கில் பிறந்தவள். பத்தாவியாவில் அடிமையாக இருந்தபோது, தன்னைத் தாக்கிய காதலனைக் கல்லெறிந்து கொன்றதாக 1656இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் அது ஆயுள் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டு, அங்கே டச்சுத் தளபதியின் வீட்டில் துணி வெளுத்தாள். செத்தவனின் பெயர் மலபாரின் கிளாஸ். இரண்டு பேருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் என்ன என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. கத்தரீனாவின் மகனின் வழியில் வந்தவர்கள் பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் குடும்பங்களில் ஒன்றாக ஆனார்கள் என்பது வரலாற்றின் கேலி.

மலாயிலும் இந்தோனேசியத்திலும் கட்டம் போட்ட லுங்கிக்கு 'காயின் பெலகாட்' என்று பெயர். பெலகாட் என்பதும் பழவேற்காடுதான். துகு தேவாலயத்துக்கு வெளியே தேநீர் விற்றவர் கட்டியிருந்தது அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான், நெய்தவன் கைக்கு அது மரியாதை. ஆனால் துணிக்கும் ஆளுக்கும் ஒரே கணக்குப்புத்தகத்தில் ஒரே மாதிரி முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்குக்கு ஊர்ப்பெயர் தரத்தின் அடையாளம். ஆளுக்கு அது, வேறு எந்தப் பெயரும் கேட்கப்படவில்லை என்பதன் அடையாளம்.

5

தென்கிழக்காசியாவுக்குப் போகிற தமிழறிஞர்கள் தேடுவது வேறு. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான். சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்கிற வணிகக் குழுவினுடையது. படையும் வணிகமும் போன கடல் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அதே கடலில் அறுநூறு வருஷம் கழித்து விலைக்குப் போனவர்கள் இந்தப் பெருங்கதையாடலில் இல்லை. வென்றவன் கல்லில் வெட்டுகிறான், வியாபாரியும் வெட்டுகிறான். விற்கப்பட்டவளிடம் உளி இல்லை.

அப்படியானால் கெரோஞ்சோங்கை விற்கப்பட்டவர்களின் கல்வெட்டு என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவசரம். துகுக்காரர்களின் முன்னோர்களில் சோழமண்டலத்தார் இருந்தார்கள் என்பது வேறு, இந்த இசையில் தமிழ்க்கூறு இருக்கிறது என்பது வேறு. இரண்டாவதற்குச் சான்று கிடையாது. வாத்தியம் போர்த்துக்கீசியம், தாளம் தீவுகளில் உருவானது, பாட்டின் மொழி கலப்பு. வேர் தேடி அதைத் தமிழாக்கினால், அடிமைக் கப்பலில் எல்லாம் இழந்தவர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட ஒன்றையும் நாம் பறிமுதல் செய்கிறோம். விற்றபோது கேட்காதவர்கள், புகழ் வரும்போது உறவு கொண்டாடுகிற மாதிரி.

எட்வர்ட் செய்த் 1993இல் வெளியிட்ட 'கலாச்சாரமும் ஏகாதிபத்தியமும்' நூலில் இசையிலிருந்தே ஒரு வாசிப்பு முறையைக் கடன் வாங்கினார். மேற்கத்திய இசையில் இரண்டு மூன்று சுரவரிசைகள் ஒன்றுக்கொன்று எதிராகவும் இணையாகவும் ஒரே நேரத்தில் ஓடும். எதுவும் மற்றதை விழுங்காது. அதுபோல, நகரத்து மாளிகையின் கதையைப் படிக்கும்போதே அந்த மாளிகைக்குப் பணம் வந்த தோட்டத்தின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு பால் கில்ராய் 'கறுப்பு அட்லாண்டிக்' எழுதினார். கறுப்பின இசையின் மூலத்தை ஆப்பிரிக்க மண்ணிலோ அமெரிக்க மண்ணிலோ நிறுத்தாமல், இரண்டுக்கும் நடுவில் ஓடிய கப்பலை ஆய்வின் அலகாக வைத்தார். வங்காள விரிகுடாவுக்கு அப்படி ஒரு புத்தகம் தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

செய்தைக் காதுக்கு மாற்றிக்கொண்டால் துகுவில் கேட்க வேண்டியது இதுதான்: பாடுகிறவளின் குரலோடு, அந்தக் குரலில் இல்லாமல் போன மொழிகளையும் சேர்த்து. நம்முடையது எங்கே என்று தேடாமல், நம்முடையது எப்படி இல்லாமல் ஆக்கப்பட்டது, அதில் நம் ஆட்களின் கை எவ்வளவு என்று கேட்பது. இலங்கை பைலாவிலும் கஃப்ரிஞ்ஞாவிலும், புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறம்பையடியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பாடும் மாஞ்சாவிலும் இதே காதை வைத்துப் பார்க்கலாம். 1659–61இல் பெரும்பகுதி பேர் இறங்கிய தீவு அது.

6

நேரில் கேட்பதற்கும் ஒலிப்பதிவில் கேட்பதற்கும் என்ன வித்தியாசம்? வால்டர் பெஞ்சமின் 1936இல், யந்திரப் பிரதியெடுப்பில் கலைப்பொருளின் ஒளிவட்டம் கழன்றுபோகிறது என்றார். அதை வைத்து நேரடிக் கச்சேரிதான் புனிதமானது என்று சபாக்காரர்கள் பேசிக்கொள்ளலாம். துகுவில் வேறொரு பதில் இருக்கிறது.

புத்தாண்டு தினத்தில் அவர்களுக்கு ராபோ-ராபோ என்கிற வழக்கம் உண்டு. ராபோ என்றால் போர்த்துக்கீசியத்தில் வால். ஒரு வீட்டில் வாசிக்கத் தொடங்கி அடுத்த வீட்டுக்குப் போவார்கள். போகும்போது அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் சேர்ந்துகொள்ள வேண்டும். அப்புறம் அடுத்த வீடு, இன்னும் ஒருத்தர். வால் நீண்டுகொண்டே போகும். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஊரே வாசிக்கிற கூட்டமாகிவிடும். கேட்டவர் பாடுகிறவராக மாறாமல் அந்த நிகழ்ச்சி நகரவே முடியாது. டிக்கெட், மேடை, முதல் வரிசை என்கிற ஏற்பாட்டுக்கு எதிரான கச்சேரி வடிவம் இது. நேரடித்தன்மை என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கலைஞரின் சன்னிதியில் உட்கார்ந்திருப்பதில் அது இல்லை, நமக்கு முறை வரும் என்பதில் இருக்கிறது.

முறை என்றதும் எங்க ஊர்ச் சொல் ஒன்று ஞாபகம் வருகிறது. பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கிற இடங்களைப் பங்கிட்டு, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று முறை வைக்கிற பழைய ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். கடலில் வலையில் விழுந்ததையும் பாடு என்கிறோம். படுகிற கஷ்டமும் பாடு. பாடச் சொல்லி ஏவுவதும் பாடு. சொல் விளையாட்டாக இதை நான் சொல்லவில்லை. பாட்டும் உழைப்பும் ஒரே முறையில் கட்டுண்டு கிடந்த காலம் ஒன்று இருந்தது. கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு பாடாமல் முப்பது பேரின் கை ஒரே நேரத்தில் இழுக்காது. பாட்டு அங்கே அலங்காரம் கிடையாது, கயிறு மாதிரி ஒரு கருவி. யந்திரம் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. சேர்ந்து இழுக்கிற வேலை குறைய, அம்பாவும் குறைந்துவிட்டது.

ஆனால் இதைப் பழைய பொற்காலமாக்கி ஏங்கவும் முடியாது. ஏரியின் பாடு உரிமை பட்டினவர் ஊர்களுக்குத்தான். தலித் மீனவர்களும் இருளர்களும் அந்த முறைக்கு வெளியே. இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள், பிடித்ததைப் போடுகிற பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேலையில் வாய் திறந்து பாட முடியாது. எந்த வேலைக்குப் பாட்டு உண்டு, எந்த வேலையில் வாயே வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் சாதிதான் நிர்ணயித்திருக்கிறது. நாட்டுப்பாடல் சேகரிக்கப் போகிறவர்கள், பாட்டு கிடைக்காத இடத்தையும் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

7

துகு இன்றைக்கு தஞ்சுங் பிரியோக் துறைமுகத்தின் பின்புறமாகிவிட்டது. சுற்றிலும் கண்டெய்னர் கிடங்குகள். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து மீனவ ஊர்கள் போராடின. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கம்பெனிக் கப்பலையும் கண்டெய்னர் கப்பலையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் துறைமுகத்தை ஊரின் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், அதன் வழியாக என்ன போனது, யார் போனார்கள், யார் கையெழுத்தில் போனார்கள் என்று கேட்கிற பழக்கம் வேண்டும். முகத்துவாரம் மண்மேடாகிக் கரை அரிக்கப்பட்டால் எங்க சனம் எங்கே போகும் என்கிற கேள்வி அதே வரிசையில் அடுத்ததாக நிற்கிறது.

பழவேற்காட்டுக்கு வருகிற சுற்றுலாக்காரருக்குக் காட்டப்படுவது டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே குடும்பச் சின்னங்களோடு கல்லறைகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இருக்கட்டும். கப்பலேறியவர்களுக்கு இங்கே ஒரு பலகைகூட இல்லை. கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரத்தில் இருக்கின்றன. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் கொஞ்சம் உண்டு. பழைய டச்சு படிக்கத் தெரிந்த தமிழர் நாலு பேராவது உருவாக வேண்டும். கல்வெட்டு படிக்கச் சொல்லித்தருகிற அக்கறையில் பாதியை இதற்கும் கொடுக்கலாம்.

இன்னொன்று நாளைக்கே செய்யக்கூடியது. நம் கலை இரவுகளில் கடல்கடந்த தமிழன் என்று பாடும்போது, கடாரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் 1646ஐயும் 1659ஐயும் சேர்த்துப் பாடலாம். வாங்கியவன் பெயரோடு விற்றவன் சாதியையும் சேர்த்து. அந்தப் பாட்டு எங்க குப்பத்தில் முதலில் பாடப்படட்டும், அங்கிருந்து அடுத்த குப்பத்துக்குப் போகட்டும், இருளர் குடியிருப்புக்கும் போகட்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தராவது எழுந்து சேர்ந்துகொள்கிறாரா என்று பார்ப்போம்.